ஒரே எடை, வேறு வளைவு: கொழுப்பு மூலக்கூறுகளைப் பிரித்தறியும் கருவி எப்படி இயங்குகிறது?

ஒரு கோழி முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் எண்ணெயும் சேராது என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்த மஞ்சள் கருவில் இரண்டும் பிரியாமல் கெட்டியாகக் கலந்திருக்கின்றன. அப்படிச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் பொருள்களில் முக்கியமானது லெசித்தின். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகர மருந்தாளர் தியோடோர் கோப்லி முட்டையின் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது இதற்குத்தான். சாக்லேட், பிஸ்கட் உறைகளில் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது பெரும்பாலும் சோயாவிலிருந்து வருகிறது, இனம் ஒன்றுதான்.

லெசித்தின் என்பது ஒற்றைப் பொருள் அல்ல, ஒரு கூட்டம். முட்டை மஞ்சளில் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருப்பவற்றுக்கு வேதியியலார் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் 'பிசி 34:1'. ஆனால் அந்தப் பெயருக்குள்ளும் பல மூலக்கூறுகள் ஒளிந்திருக்கின்றன. அத்தனைக்கும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, கடைசி தசமம் வரை ஒரே எடை. உருவம் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இப்படிப்பட்டவற்றை ஐசோமர்கள் என்கிறோம். பள்ளிப் பாடநூலில் மாற்றியங்கள் என்று படித்திருப்போம். எடை ஒன்றாக இருக்கும் பொருள்களை எப்படித் தனித்தனியாகப் பிரிப்பது, பிரித்தபின் எது எதுவென்று எப்படிச் சொல்வது? அதற்கான கருவிக்குள் ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்போம்.

முருங்கைக்காய்க் கட்டு

முதலில் மூலக்கூறின் உருவத்தை மனத்தில் பதித்துக்கொள்வோம். ஒரு சின்னக் கொக்கிச் சட்டம். அதில் வரிசையாக மூன்று கொக்கிகள். முதல் இரண்டு கொக்கிகளில் ஆளுக்கொரு முருங்கைக்காய் தொங்குகிறது. மூன்றாவது கொக்கியில் ஒரு உருண்டை. சட்டம்தான் கிளிசரால். முருங்கைக்காய்கள் கொழுப்பு அமிலச் சங்கிலிகள். உருண்டை என்பது பாஸ்பேட்டும் கோலினும் சேர்ந்த தலை. அதற்குத் தண்ணீர் பிடிக்கும், காய்களுக்கு எண்ணெய் பிடிக்கும். முட்டையில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வித்தை இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

இப்போது 'பிசி 34:1' என்பதைப் படித்துவிடலாம். பிசி என்பது தலையின் வகை. 34 என்பது இரண்டு காய்களிலும் சேர்த்து எத்தனை கார்பன் அணுக்கள் என்ற கணக்கு. 1 என்பது இரண்டிலும் சேர்த்து எத்தனை இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் காய் பொதுவாக வளையும். ஆகவே முட்டையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படி: முதல் கொக்கியில் 16 கார்பன் நீளமுள்ள நேரான காய், இரண்டாவதில் 18 கார்பன் நீளமும் நடுவில் ஒரு வளைவும் உள்ள காய்.

இதே கட்டை எடை மாறாமல் எத்தனை விதமாக மாற்றலாம் என்று பாருங்கள். முதலில், இரண்டு காய்களையும் கொக்கி மாற்றி மாட்டலாம். அடுத்து, கொக்கிப் பக்கத்திலிருந்து எண்ணினால் வளைவு ஒன்பதாவது கார்பனில் இருப்பதற்குப் பதிலாகப் பதினொன்றாவதில் இருக்கலாம். மூன்றாவதாக, இரட்டைப் பிணைப்பு அதே இடத்திலேயே இருந்து, வளைவு மட்டும் ஏறக்குறைய நிமிர்ந்துவிடலாம். வளைந்ததைச் சிஸ் என்றும் நிமிர்ந்ததை டிரான்ஸ் என்றும் சொல்கிறார்கள். நாம் கேள்விப்படும் டிரான்ஸ் கொழுப்பு இதுதான். இவை தவிர, 16-ல் வளைவும் 18-ல் நேரும் என்று வைத்தாலும் கூட்டல் 34:1தான்.

இந்தச் சின்ன மாற்றங்கள் பெரிதா என்று கேட்டால், நம் அடுக்களையிலேயே பதில் இருக்கிறது. ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருக்கும் ஓலிக் அமிலம் 18 கார்பன், ஒன்பதில் சிஸ் வளைவு. அது உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ். அதனால் நம் ஊர் வெயிலில் எண்ணெயாகவே இருக்கும். அதே ஒன்பதில் வளைவு நிமிர்ந்துவிட்டால் எலைடிக் அமிலம். அது உருக ஏறத்தாழ 45 டிகிரி வேண்டும். தாவர எண்ணெயில் நிக்கலை வைத்து ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதி செய்தபோது உருவான டிரான்ஸ் கொழுப்பில் இது முக்கியமானது. வளைவு ஆறாவது கார்பனுக்கு நகர்ந்தால் பெட்ரோசெலினிக் அமிலம். கொத்தமல்லி விதை எண்ணெயில் மிகுதியாக இருப்பது அது, உருகுநிலை சுமார் 30 டிகிரி. மூன்றுக்கும் மூலக்கூறு எடை 282.5. நேரான காய்களை நெருக்கி அடுக்கலாம், அதனால் கெட்டியாகும். வளைந்த காய்கள் அடுக்கில் நிற்காது, அதனால் இளகிக் கிடக்கும். டிரான்ஸ் கொழுப்பு இதய நோயோடு தொடர்புடையது என்பதால், இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவை 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது.

உடம்புக்குள் வளைவின் இடம் இன்னொரு கதையையும் சொல்கிறது. நம் செல்கள் நேரான காயில் ஒரு நொதியைக் கொண்டு பெரும்பாலும் ஒன்பதாவது கார்பனில்தான் வளைவு போடும். முதலில் காயை 18 வரை வளர்த்து, பிறகு ஒன்பதில் வளைத்தால் ஓலிக் அமிலம். 16-லேயே வளைத்துவிட்டு, பிறகு கொக்கிப் பக்கத்தில் இரண்டு கார்பன் சேர்த்து நீட்டினால், ஒன்பதில் இருந்த வளைவு பதினொன்றுக்குத் தள்ளிப்போகும். ஆகவே ஒன்பதும் பதினொன்றும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால், செல் எந்த வழியில் கொழுப்பு செய்தது என்று ஊகிக்கலாம். மார்பகப் புற்றுத் திசுவில் இந்த விகிதம் மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 34:1 என்று மட்டும் எழுதிவைத்தால் இந்தச் செய்தி முழுவதும் தொலைந்துபோகும்.

தராசு போதாது

முட்டை மஞ்சளை முதலில் குளோரோபார்மும் மெத்தனாலும் கலந்த கரைப்பானில் கலக்கிக் கொழுப்பை மட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். 1950களிலிருந்து இருந்துவரும் முறை இது. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் காற்றில் மிதக்கவிட வேண்டும். கூடவே மின்னூட்டமும் ஏற்ற வேண்டும். மின்னூட்டம் இருந்தால்தான் அவற்றைப் பிடித்து இழுக்க முடியும். கொழுப்புக் கரைசலை மெல்லிய ஊசி வழியாக, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள். மின்னூட்டம் ஏறிய நுண்துளிகள் சிதறுகின்றன. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளித் துள்ளிச் சிறுத்து மறையுமே, அதேபோல வெதுவெதுப்பான வாயுவில் கரைப்பான் ஆவியாகித் துளி சுருங்குகிறது. கடைசியில் மூலக்கூறு மட்டும் ஒரு ஹைட்ரஜன் அயனியையோ சோடியம் அயனியையோ ஒட்டிக்கொண்டு நிற்கும். எலக்ட்ரோஸ்பிரே என்ற இந்த முறையை வளர்த்தெடுத்த ஜான் ஃபென்னுக்கு 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெரிய மூலக்கூறுகளை உடையாமல் பறக்கவிட முடிந்ததால்தான் இனி நாம் பார்க்கப்போகும் எல்லாமே சாத்தியமாயின.

இப்போது அதை நிறைமானியில் எடை போட்டால் ஹைட்ரஜனோடு 760.6 என்று காட்டும். சோடியம் ஒட்டியிருந்தால் 782.6. எவ்வளவு நுட்பமான கருவியாக இருந்தாலும் அதற்கு மேல் சொல்லாது. காய் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று காய்கறிக் கடைத் தராசு சொல்லுமா? அதைப் போலத்தான்.

வேறு வழி ஒன்று உண்டு. கட்டை அவிழ்த்து, காய்களை மட்டும் தனியே எடுத்து, வாயு நிறப்பகுப்பு என்ற பழைய முறையில் ஆராயலாம். எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க அது போதும். இன்றும் நம்பகமான வழி அதுதான். ஆனால் எல்லாக் கட்டுகளையும் ஒன்றாக அவிழ்த்துக் குவித்துவிட்டால், எந்தக் காய் எந்தக் கட்டில் எந்தக் கொக்கியில் தொங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கட்டைக் கட்டாகவே பார்க்க வேண்டும் என்பதால்தான் அயனி நகர்திறன் முறை வந்து சேர்கிறது.

சந்தைக்குள் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நெரிசலான ஒரு சந்து. இரண்டு பேர் ஒரே எடையுள்ள முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரே வேகத்தில் உள்ளே நுழைகிறார்கள். ஒருவருடைய கட்டில் காய்கள் வளைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன. மற்றவருடைய கட்டில் காய்கள் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீட்டிக்கொண்டிருப்பவர் எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் இடிப்பார், தாமதமாகத்தான் வெளியே வருவார். அயனி நகர்திறன் அளவி என்பது அந்தச் சந்துதான்.

சந்துக்குப் பதில் ஒரு குழாய். சந்தைக் கூட்டத்துக்குப் பதில் நைட்ரஜன் வாயு. பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் குழாய் சுமார் 78 சென்டிமீட்டர் நீளம். உள்ளே வாயுவின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீரான மின்புலம். அது அயனிகளை முன்னே இழுக்கிறது, நைட்ரஜன் இடித்து இடித்துத் தடுக்கிறது. முதலில் அயனிகளைக் குழாய் வாயிலில் தேக்கி வைக்கிறார்கள். பிறகு மடை திறப்பதுபோல வாயிலை ஒரு கணப்பொழுது திறந்து மூடுகிறார்கள். ஒரு கொத்து மட்டும் உள்ளே போகும். மறுமுனையில் யார் எப்போது வந்து சேர்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள்.

விமான நிலையத்தில் பையை ஒரு துணித்துண்டால் துடைத்து ஒரு பெட்டிக்குள் செருகிப் பார்ப்பார்களே, வெடிமருந்துத் துகளைத் தேடும் அந்தப் பெட்டிகளில் பல இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. கொழுப்பு ஆய்வில் கூடுதலாக நடப்பது என்னவென்றால், குழாயை விட்டு வெளியே வரும் அயனி உடனே நிறைமானிக்குள் போய் எடையும் போடப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு அயனிக்கும் இரண்டு எண் கிடைக்கும்: எடை, வந்து சேர்ந்த நேரம். குழாயில் ஓட்டம் சில பத்து மில்லிநொடிகள். நிறைமானியில் ஒரு எடைபோடல் மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். ஆக, ஒரு ஓட்டம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான முறை எடை பார்த்துவிடலாம். முன்னால் திரவ நிறப்பகுப்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது நிமிடக் கணக்கில் மெதுவாகப் பிரித்து அனுப்பும். நிமிடத்துக்குள் மில்லிநொடி, மில்லிநொடிக்குள் மைக்ரோநொடி என்று மூன்றும் ஒன்றின் இடைவெளிக்குள் ஒன்று பொருந்துகின்றன. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வந்து சேர்ந்த நேரத்திலிருந்து, அந்த அயனி வாயுவுக்குக் காட்டிய சராசரிப் பரப்பைக் கணக்கிடலாம். இதை மோதல் குறுக்குப் பரப்பு என்கிறார்கள். சந்தையில் எவ்வளவு அகலமாக இடித்துக்கொண்டு போனார் என்பதுதான் அது. கணக்குக்கான சமன்பாட்டை மேசனும் ஷாம்பும் 1958-லேயே தந்துவிட்டார்கள். நைட்ரஜனில் பிசி 34:1-க்கு இது 280 சதுர ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேலே வரும். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. 2017-ல் சில ஆய்வகங்கள் ஒரே வகைக் குழாயில் தனித்தனியே அளந்து ஒப்பிட்டபோது, அவர்களுக்குள் வந்த மாறுபாடு சராசரியாக 0.29 சதவீதம்தான். வேறு ஆய்வகத்தில் அளந்த எண்ணை எடுத்து நம் எண்ணோடு ஒப்பிடலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது.

அரை சதவீதத்தின் தொல்லை

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. காய் நீளமானால் பரப்பு நன்றாகக் கூடும், வளைவுகள் கூடினால் குறையும். அதையெல்லாம் சாதாரணக் குழாயே காட்டிவிடும். ஆனால் மாற்றியங்களுக்கு இடையே வித்தியாசம் பெரும்பாலும் ஒரு சதவீதம், அரை சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கொத்து குழாயைக் கடக்க 40 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். அரை சதவீத வித்தியாசமுள்ள இன்னொரு கொத்து 0.2 மில்லிநொடி பிந்தி வரும். ஆனால் எந்தக் கொத்தும் ஒரே புள்ளியாக வராது. வாயுவில் மோதி மோதிக் கலைந்து, முன்னும் பின்னுமாகப் பரவி வரும். குழாயின் பிரிதிறன் 60 என்றால் அந்தப் பரவலின் அகலம் 40-ஐ 60-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 0.67 மில்லிநொடி. 0.2 இடைவெளியில் 0.67 அகலமுள்ள இரண்டு குவியல்கள்! ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே குவியலாகத்தான் தெரியும். பிரிதிறன் 280 அளவுக்கு வந்தால் அகலம் 0.14 ஆகச் சுருங்கும். அப்போதுதான் நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு முகடு என்று கண்ணுக்குத் தெரியும்.

அந்தத் திறனை எப்படி அடைவது? ஓடும் தூரத்தைக் கூட்ட வேண்டும். தூரம் கூடக்கூட இரண்டு கொத்துகளுக்கும் உள்ள இடைவெளி அதே விகிதத்தில் கூடும். ஒவ்வொரு கொத்தும் கலைவது மட்டும் அதைவிட மெதுவாக, தூரத்தின் வர்க்கமூல விகிதத்தில்தான் கூடும். ஆகவே நான்கு மடங்கு ஓடினால் பிரிதிறன் இரண்டு மடங்கு. ஆனால் இருபது மீட்டர் நீளக் குழாயை எந்த ஆய்வகத்தில் வைப்பது?

அதற்குக் கண்ட வழி செக்கு. செக்குமாடு ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே காலை முதல் மாலை வரை எத்தனையோ தூரம் நடந்துவிடுகிறது. அதேபோல 98 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் அயனிகளைச் சுற்றவிடுகிறார்கள். இழுக்கும் மின்புலம் இங்கே சீரானது அல்ல. அலை அலையாக வந்து அயனிகளைத் தள்ளிக்கொண்டு போகும். அலையில் ஏறி முன்னேறுவதும் சறுக்கிப் பின்தங்குவதும் அயனியின் பருமனைப் பொறுத்தது. 2019-ல் வெளியான சுழல்வகைக் கருவியின் விவரப்படி ஒரு சுற்றுக்குப் பிரிதிறன் 65 அளவு. நூறு சுற்றுக்கு 750 அளவு. நமக்கு வேண்டிய 280-க்கு இருபது சுற்றுக்குள் வந்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வட்டத்தில் வேகமாக ஓடுகிறவர் மெதுவாக ஓடுகிறவரை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால், முன்னே நிற்பது யார் பின்னே நிற்பது யார் என்று குழப்பம். வேகத்தில் 5 சதவீத வித்தியாசம் இருந்தாலே இருபது சுற்றில் ஒருவர் மற்றவரை முழுதாக முந்திவிடுவார். அதனால் முதலில் நிறைமானி வடிகட்டியால் 760.6 மட்டும், அல்லது 782.6 மட்டும் என்று தேர்ந்தெடுத்துத்தான் செக்கில் ஏற்ற வேண்டும். மொத்த முட்டைக் கொழுப்பையும் ஒரே நேரத்தில் நூறு சுற்று விட முடியாது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்மித்தின் குழு வேறு வழியில் போனது. மின்சுற்றுப் பலகைகள் இரண்டுக்கு நடுவே 13 மீட்டர் பாதையை மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள்போல மடித்து மடித்து அமைத்து, அயனி ஒன்றைக்கூட இழக்காமல் ஓட்டுவதே அவர்கள் இலக்கு.

இன்னொரு வகையில் ஓட்டமே கிடையாது. வாயுவைக் காற்றாக வீசவிட்டு, எதிர்ப்பக்கம் மின்புலத்தால் அயனிகளை நிறுத்திப் பிடிக்கிறார்கள். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார்கள். களத்தில் தூற்றும்போது முதலில் பறப்பது பொக்கும் பதருமே. அதுபோல இங்கே காற்று அதிகம் பிடிக்கும் பருத்த அயனி முதலில் வெளியே போகும், கச்சிதமானது கடைசியாகப் போகும். பிடியை எவ்வளவு மெதுவாகத் தளர்த்துகிறோமோ அவ்வளவு துல்லியம். சிறிய இடத்தில் நிறைய வேலை வாங்கும் கருவி இது. பல ஆய்வகங்களில் இன்று கொழுப்பு ஆய்வுக்கு இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஓட்டப் பாதையை நீட்டுவது ஒரு வழி என்றால், ஓடுகிறவரின் உடையை மாற்றுவது இன்னொரு வழி. இதை நான் மிகவும் சாமர்த்தியமான வழி என்பேன். ஒரே மூலக்கூறு ஹைட்ரஜனோடு ஒரு விதமாகச் சுருண்டிருக்கும், சோடியத்தோடு வேறு விதமாகச் சுருண்டிருக்கும். வெள்ளி அயனியைச் சேர்த்தால் அது இரட்டைப் பிணைப்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கட்டை மடக்கிவிடும். வெளியே ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு கட்டுகளும் அப்போது வேறு வேறு உருவம் எடுக்கின்றன. கொக்கி மாறிய மாற்றியங்களைப் பிரிப்பதில் வெள்ளி நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. 2015-ல் மைக்கேல் குரோஸ்ல் குழு சுவிட்சர்லாந்தில் உயர் பிரிதிறன் குழாயை வைத்து, கொக்கி மாறியது, வளைவின் இடம் மாறியது, வளைவு நிமிர்ந்தது என்று மூன்று வகை மாற்றியங்களையும் பிரித்துக்காட்டியது. இந்தத் துறைக்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

பிரிந்தது, பெயர் என்ன?

இரண்டு முகடுகள் தெரிந்தன. முதலாவது சிஸ், இரண்டாவது டிரான்ஸ் என்று உடனே எழுதிவிடலாமா? கூடாது. பிரிப்பது ஒரு வேலை, அடையாளம் சொல்வது வேறு வேலை. ஆகவே அடுத்த படி: சுத்தமான மாதிரிப் பொருளை வாங்கி, அதே கருவியில், அதே நிலையில் ஓடவிட்டு, அது எந்த முகட்டின்மேல் விழுகிறது என்று பார்ப்பது. மாதிரிப் பொருள் கிடைக்காதபோது ஏற்கெனவே அளந்து தொகுத்த குறுக்குப் பரப்புப் பட்டியல்களோடு ஒப்பிடுகிறார்கள். ஆனால் மாற்றியங்கள் அரை சதவீதத்தில் வேறுபடும்போது பட்டியலின் பிழையே கிட்டத்தட்ட அவ்வளவு இருந்தால், அந்த ஒப்பீட்டை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது.

அப்போது கத்தியை எடுக்க வேண்டும். முருங்கைக்காயைச் சாம்பாருக்கு நறுக்குவதுபோல எங்கே வேண்டுமானாலும் வெட்டினால் பயனில்லை. வளைவு இருக்கும் கணுவில் மட்டும் வெட்டும் கத்தி வேண்டும். அந்தக் கத்தி ஓசோன். இரட்டைப் பிணைப்பைக் கண்டால் ஓசோன் அங்கேயே வெட்டும், வேறு எங்கும் தொடாது. ஆஸ்திரேலியாவின் உல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பிளாங்க்ஸ்பியும் டாட் மிட்செலும் சேர்ந்து 2008-ல் இதை நிறைமானிக்குள்ளேயே செய்துகாட்டினார்கள். பிறகு அயனி நகர்திறனோடும் இணைத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். சோடியம் ஒட்டிய பிசி 34:1-ன் எடை 782.6. வளைவு ஒன்பதில் இருந்தால், வால் நுனிப் பக்கம் 9 கார்பன்களும் அவற்றின் 18 ஹைட்ரஜன்களும், மொத்தம் 126, வெட்டுப்பட்டு உதிரும். வெட்டிய இடத்தில் 16 எடையுள்ள ஆக்சிஜன் ஒன்று ஒட்டும். ஆக, குறைவது 110, மிச்சம் 672.5. வளைவு பதினொன்றில் இருந்தால் உதிர்வது 7 கார்பன்கள், 98. ஆக்சிஜன் போக நிகரக் குறைவு 82, மிச்சம் 700.5. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஆக்சிஜன் கூடுதலான இணை, 16 தள்ளி வந்து நிற்கும். அது வந்தால் வெட்டு ஓசோனுடையதுதான் என்று உறுதி. எடை பார்க்கத் தெரிந்த தராசுக்கு வளைவின் இடத்தை எடையாகவே மாற்றிக் கொடுத்துவிட்டோம்! அசிட்டோனைக் கலந்து புற ஊதா ஒளி பாய்ச்சி, இரட்டைப் பிணைப்பில் குறி வைத்து, பிறகு உடைக்கும் இன்னொரு முறையும் உண்டு. 2014-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் யூ ஷியாவின் குழு அதைக் கொண்டுவந்தது. புற்றுத் திசுவின் விகித மாற்றம் வெளியே தெரிந்தது அந்த முறையால்தான்.

ஓசோன் வளைவின் இடத்தைச் சொல்லும். அது சிஸ்ஸா டிரான்ஸா என்று வெட்டிய துண்டுகளின் எடையைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டிலும் துண்டுகள் ஒன்றுதான். எந்தக் கொக்கி என்பதற்கு, முதலில் தலையை உடைத்துவிட்டு அதன்பின் ஓசோன் விட வேண்டும். ஆகவே ஒரு முறை மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பதில்லை. சந்தும் செக்கும் உருவத்தால் பிரிக்கின்றன, ஓசோன் இடத்தை அடையாளம் காட்டுகிறது, தராசு இரண்டையும் எண்ணாக எழுதுகிறது.

இந்த உழைப்பு முழுவதும் கடைசியில் ஒரு பெயரில் வந்து நிற்கிறது, அந்தப் பெயரை எழுதும் முறையில் நேர்மை வேண்டும். எடை மட்டும் தெரிந்தால் பிசி 34:1. எந்த இரண்டு காய்கள் என்று தெரிந்து, கொக்கி தெரியாவிட்டால் 16:0_18:1 என்று கீழ்க்கோடு. கொக்கியும் தெரிந்தால்தான் 16:0/18:1 என்று சாய்கோடு. வளைவின் இடமும் வகையும் நிரூபணமானால் மட்டுமே அடைப்புக்குறிக்குள் அவை வரலாம். இது லிப்பிட் மேப்ஸ் என்ற சர்வதேசத் திட்டம் பின்பற்றும் ஒழுங்கு. கொழுப்பு ஆய்வுக் கட்டுரை எதையாவது படிக்க நேர்ந்தால், குறிப்பாக மாணவர்கள், முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். சாய்கோடு போட்டிருந்தால், எந்தச் சோதனை அதை நிரூபித்தது என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். அங்கே வெறும் எடை மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தப் பெயரை 34:1 என்றே வாசியுங்கள்.